வீட்டு வாசலில் லோயரிங் ஸ்பிரிங் மாட்டிய பிறகு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக் கொஞ்சம் தாழ்த்தி நிறுத்தும் லோயரிங் ஸ்பிரிங் நான்கையும் மாட்டியாகிவிட்டது. சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, தெருமுனை வரை ஒரு சுற்று போய் வந்தால் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அல்லது வாசலில் நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் அரை விரல் அளவு தூக்கி நிற்கிறது. உடனே வாயில் வருவது “ஸ்பிரிங் சரியில்லை” என்பதுதான்.

என்னுடைய இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டில் இந்த வேலையை நானே செய்தேன். அப்புறம் நண்பர்களின் வண்டிகள் சிலவற்றிலும் கூட நின்று செய்தேன். அதில் எனக்குப் பிடிபட்டது இது: ஸ்பிரிங் என்பது சுருட்டிய ஒரே ஒரு கம்பி, அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. அதை மாற்றுவதற்காக நாம் எதையெல்லாம் கழற்றினோம், எந்த நிலையில் வைத்து இறுக்கினோம், எதைத் திரும்ப மாட்ட மறந்தோம் என்பதில்தான் பெரும்பாலும் காரணம் ஒளிந்திருக்கும். அதனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் கீழே உள்ளதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் முறுக்கு பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு), பின் ஸ்பிரிங் தனியாக, ஷாக் (ஆட்டத்தை அடக்கும் குழாய்) தனியாக இருக்கும் கார்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ எல்லாம் இந்த வகைதான்.

சோதிக்க இறங்கும் முன்

சமதளம் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கி நிற்க ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம், பாரம் ஏறும்போது அவை சொல்லாமல் நொறுங்கும்.

முன் ஸ்ட்ரட்டை மறுபடி பிரிக்க வேண்டி வந்தால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் என்ற கருவி கட்டாயம். இரண்டு கொக்கிகளையும் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் நான்கு சுற்று, அந்தப் பக்கம் நான்கு சுற்று என்று கையால்தான் இறுக்க வேண்டும். ஏர் கன் வைத்து இறுக்கினால் அதன் மரை தேய்ந்துபோகும், கொக்கி நழுவும். மேல் தட்டிலிருந்து ஸ்பிரிங் தளர்ந்து, கையால் அசைக்க முடிகிற அளவு வந்த பிறகே நடு நட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்ட்ரட்டின் மேல்முனை உங்கள் முகத்தையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்த்தபடி இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கருவி இல்லையென்றால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய் ஸ்பிரிங் மாற்றி வாங்கி வாருங்கள்.

உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டியவை

சத்தம், உயரம் எல்லாம் அப்புறம். முதலில் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது என்றால், சக்கர வேகம் பார்க்கும் சென்சாரின் ஒயர் இழுபட்டிருக்கும். அந்த ஒயரும் பிரேக் ஹோஸும் ஸ்ட்ரட்டின் உடம்பில் ஒரு பிடியில் உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரட்டை இறக்கும்போது அதைக் கழற்றியிருப்போம், திரும்ப மாட்டாமல் விட்டிருப்போம். ஹோஸ் தொங்கினால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசும். விளக்கு எதுவும் எரியாவிட்டாலும், இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து ஹோஸ் எங்கும் தொடுகிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்ட்ரட்டிலிருந்து கழன்றதும், சக்கரம் பூட்டும் ஹப் வெளியே சாயும். கம்பி போட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட் இழுபடும், சில சமயம் உள்ளேயே இடம் மாறி உட்காரும். ஓட்டும்போது பிக்கப் கொடுத்தால் அதிர்வு, கரகரப்பு, உள்பக்க ஜாயிண்டின் ரப்பர் உறையைச் சுற்றிக் கிரீஸ் தெறிப்பு என்று எதைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, பின் ஸ்பிரிங். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஷாக் பூட்டியிருக்கும்போது பீம் ஓரளவுக்குத்தான் கீழே இறங்கும். அந்த நிலையிலும் ஸ்பிரிங் மேலும் கீழும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கையால் ஆட்டினால் ஆடுகிறது, சுற்றினால் சுற்றுகிறது என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் வண்டியின் ஷாக்குக்குக் குட்டை. ஒரு மேட்டில் பின்சக்கரம் காற்றில் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகர்ந்துவிடும். சரிசெய்து ஓட்டலாம் என்கிற பேச்சே இதில் இல்லை. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அல்லது அதற்கேற்ற குட்டை ஷாக் போட வேண்டும்.

சொந்த ஸ்பிரிங்கையே லேத்தில் வெட்டி மாட்டியவர்கள்தான் இந்த நிலைக்கு அதிகம் வருகிறார்கள். வெட்டினால் வண்டி தாழும், உண்மைதான். ஆனால் ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்துவிட்டால் மீதி நான்கும் சேர்ந்து கால் பங்கு, அதாவது 25 சதவீதம் கடினமாகிவிடும். வெட்டிய முனை இருக்கையில் படியாது. கேஸ் தீயால் வெட்டியிருந்தால் அந்த இடத்தில் எஃகின் பதமும் போயிருக்கும். வெட்டிய ஸ்பிரிங்குக்குப் பிழை நீக்கும் வழி என்று என்னிடம் எதுவும் இல்லை, கழற்றிவிடுங்கள்.

முன்பக்கம் ‘டொக் டொக்’

அதிகம் பேருக்கு வரும் அறிகுறி இதுதான், காரணங்களும் அதிகம். எந்தச் சாலையில் வருகிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன ஒட்டுப் போட்ட சாலையில் விடாமல் வருகிறது, பெரிய பள்ளத்தில் அவ்வளவாக இல்லை என்றால், ஸ்ட்ரட்டின் நடு நட்டைச் சந்தேகப்படுங்கள். போனட்டைத் திறந்து, மேல் மூடியை எடுத்து, நட்டின்மேல் விரலை வையுங்கள். இன்னொருவர் அந்தப் பக்க ஃபெண்டரைப் பிடித்து வண்டியை மேலும் கீழும் ஆட்டட்டும். ஷாக்கின் நடுக் கம்பியான ராட், மேலே அதைத் தாங்கும் மவுண்டுக்குள் ஏறி இறங்குவது விரலுக்கு அப்படியே தெரியும். நட்டு முழுதாக இறுகாதது ஒரு காரணம். வாஷர், தட்டு, பேரிங் ஆகியவற்றின் வரிசை மாறியது இன்னொரு காரணம். அதனால்தான் பிரிக்கும்போது ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

இந்த நட்டை இறுக்கும்போது ராடும் சேர்ந்து சுற்றும். ஆலன் கீயால் ராடைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் சுற்ற வேண்டும். ஏர் கன்னில் ஒரே அடியாக அடித்தால் ராட் உள்ளே சுழன்று ஷாக்கின் சீலைக் கெடுக்கும். இரண்டு மாதத்தில் எண்ணெய் கசிந்தால் “லோயரிங் போட்டதால் ஷாக் போச்சு” என்பார்கள். போனது அன்றைக்கே, கன் வைத்த நேரத்தில். எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள், இன்னொரு காரின் கணக்கை எடுத்துப் போடாதீர்கள்.

நட்டு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் அடுத்தது லிங்க் ராட். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் அந்தச் சின்னக் கம்பியின் பால் ஜாயிண்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் நட்டு இறுகியது போலத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. ஜாயிண்டின் மரைத் தண்டைத் தனியாகப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பழைய ஜாயிண்ட் என்றால் கழற்றி மாட்டியதிலேயே ஆட்டம் கண்டிருக்கலாம். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடையும் ஒரு முனையில் கழற்றி, எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஒரு சுற்று போங்கள். சத்தம் காணாமல் போனால் ஆள் அகப்பட்டாயிற்று. சோதனை முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள், அது இல்லாத கார் வளைவில் வேறு மாதிரி சாயும்.

பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் மட்டும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் ஸ்ட்ரட்டை, ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைப் பாருங்கள். சில கார்களில் போல்ட்டின் கழுத்தில் பற்கள் இருக்கும். அதில் நட்டைத்தான் சுற்ற வேண்டும். போல்ட்டைச் சுற்றினால் பல் தேய்ந்து, பிடிப்பு போய்விடும்.

இன்னொரு வகைச் சத்தம் கொஞ்சம் மெல்லியது, கம்பியும் கம்பியும் தட்டுவது போல. ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் இடைவெளி விட்டும் சுற்றிய ஸ்பிரிங்குகளில் நெருக்கமான சுற்றுகள் ஒன்றை ஒன்று தொட்டுத்தான் வேலை செய்யும். பழைய ஸ்பிரிங்கில் அந்த இடத்தில் ரப்பர் உறை இருந்திருந்தால் அதைப் புதியதற்கு மாற்றுங்கள். ஸ்பிரிங் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சிட்ட எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் பொதுவாக அதுதான் சரியான பக்கம், கூட வந்த தாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் மவுண்ட் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் இது மலிவாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடியை அங்கே வாங்கலாம், இதை வாங்காதீர்கள். வண்டி 60,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் ஸ்ட்ரட்டைப் பிரித்த கையோடு மவுண்ட், பேரிங் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது. பாதி நாள் உழைப்பை இரண்டாவது முறை செய்ய வேண்டியிருக்காது.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’

ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும், மேல் மவுண்ட் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் இருக்கும் பேரிங் அதற்குத்தான். அது வேலை செய்யாவிட்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய், தாங்காத இடத்தில் ஒரு துள்ளு துள்ளி விடுபடும். அந்தச் சத்தம்தான் இது.

ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பட்டும். நீங்கள் சக்கர வளைவின் வழியாக ஸ்பிரிங்கின் ஒரு சுற்றில் விரல் நுனியை வைத்துக் கவனியுங்கள். கம்பிகளுக்கு இடையில் விரலை விடாதீர்கள். சீராகச் சுழன்றால் சரி. தயங்கித் தயங்கித் தாவினால் பேரிங் தலைகீழாக இருக்கிறது, மண் புகுந்திருக்கிறது, அல்லது கீழ் இருக்கையில் ஸ்பிரிங் படியவில்லை.

கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும். ஸ்பிரிங்கின் அறுத்த முனை அந்தப் படியைத் தொட்டோ, மிக அருகிலோ நிற்க வேண்டும். கம்ப்ரெஸரைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் மெல்லச் சுழலும், கண் அங்கே இல்லையென்றால் முனை படிமேல் ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டு நாள் ஓடினால் தானாகக் கீழே விழுந்து சத்தம் நின்றாலும் நிற்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஏறி நிற்கும் முனை தட்டின் பெயிண்டைச் சுரண்டி, துரு பிடிக்க வழி செய்துவிடும்.

உயரம் சரியில்லை

முதல் கேள்வி: மாற்றுவதற்கு முன் அளந்தீர்களா? சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலைக்கும். தரையிலிருந்து அளந்தால் டயரில் இருக்கும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். கம்பெனியிலிருந்து வரும்போதே இடது வலது ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது உண்டு. முன்பு அளக்கவில்லையென்றால் அந்தப் பழைய வித்தியாசத்தைப் புதுப் பிழை என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் பூட்டி இறக்கினால் பின்பக்கம் எதிர்பார்த்ததை விட உயரமாக நின்றது, முன் இடது பக்கமும் அப்படித்தான். ஓட்டிப் பார்த்தால் கட்டை வண்டி போல இடித்தது. ஸ்பிரிங் பொய் சொல்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். கோவையில் எனக்குப் பழக்கமான மூத்த மெக்கானிக் ஒருவர் வந்து, அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, போல்ட்டை எல்லாம் டைட் பண்ணும்போது சக்கரம் தொங்கிட்டிருந்ததா, தரையில இருந்ததா?”

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அங்கேதான் விஷயமே. முன்சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைக்கும் லோயர் ஆர்மிலும், பின் பீமிலும் இருக்கும் புஷ் என்பது ரப்பர். அதன் உள் குழாயும் வெளி வளையமும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் உள் குழாய் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். சக்கரம் தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும், கூடுதல் ஸ்பிரிங் போல வண்டியை மேலே தள்ளும். தாழ்த்திய காரில் இந்த முறுக்கு இன்னும் அதிகம். சவாரி கடினமாகும், சில மாதங்களில் புஷ் கிழியும்.

சரிசெய்வது எளிது. முன்சக்கரம் இரண்டையும், தேவைப்பட்டால் நான்கையும், உறுதியான அகலப் பலகைகளின் மேல் ஏற்றி, வண்டியைத் தன் சொந்தக் காலில் நிறுத்துங்கள். புஷ் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். வண்டியை நான்கைந்து முறை அமுக்கி ஆட்டுங்கள். அப்புறம் அதே நிலையில் வைத்து இறுக்குங்கள். என் ஸ்விஃப்டில் இதை மட்டும் செய்ததும் உயரம் இறங்கி, இடியும் அடங்கியது. லோயர் ஆர்ம், பீம் போல்ட்டுகளை நீங்கள் தொடவே இல்லையென்றாலும் இதைச் செய்துவிடுங்கள். பழைய உயரத்துக்குப் பூட்டிய புஷ், புதிய உயரத்தில் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

மற்ற காரணங்கள் சில. இடது வலது ஸ்பிரிங் தனித்தனி எண்ணோடு வந்திருந்து மாறிப்போயிருக்கலாம். பின்பக்கத்துப் பழைய ரப்பர் பேட் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் புதிதாக ஒன்றும் சேர்த்திருக்கலாம். அல்லது கார் ஸ்பிரிங்கில் நிற்காமல் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கலாம், அது அடுத்த தலைப்பு. முதல் சில நாட்களில் ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் படிவது இயல்பு, அதற்குக் கவலை வேண்டாம்.

பள்ளத்தில் ‘தொம்’ என்று இடிக்கிறது

ஷாக்கின் ராடில் நுரை ரப்பர் போல ஒன்று மாட்டியிருக்கும், அதுதான் பம்ப் ஸ்டாப். நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை சக்கரத்துக்கு 60 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் பாதி இடம் அங்கேயே போய்விட்டது. ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருப்பது அந்த இழப்பை ஓரளவுதான் ஈடுகட்டும்.

உண்மையிலேயே முட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன டை கயிறு போதும், ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. ஷாக்கின் தூசி உறையை மேலே ஏற்றி, ராடைச் சுற்றி அதை இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டிக் கீழே தள்ளி வையுங்கள். வழக்கமான பாதையில் வழக்கமான ஆட்களோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பட்டை மேலே நகர்ந்து பம்ப் ஸ்டாப்போடு போய் நசுங்கியிருந்தால் முட்டுகிறது. நடுவிலேயே நின்றால் இடி வேறெங்கிருந்தோ வருகிறது, மேல் மவுண்டைப் பாருங்கள்.

ஸ்பிரிங்கோடு வரும் தாளில் பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று இருக்கும், சில செட்டில் குட்டையான புதிய ஸ்டாப்பே வரும். அந்த அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வெட்டாதீர்கள். வேறு விதமாகச் சொல்லாதபட்சத்தில் தடித்த பக்கத்தை வெட்டுங்கள். மெல்லிய நுனி முதலில் தொட்டு மெத்தென்று அமுங்குவதற்காக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தொட்டதும் கல்லில் மோதியது போல இருக்கும். முழுதாகக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அப்படி ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் மோதி ஷாக்கின் உள் வால்வு போகும், மேல் மவுண்ட் கிழியும்.

துள்ளுகிறது, அடங்க மாட்டேன் என்கிறது

மேட்டில் ஏறி இறங்கிய பிறகு இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால் ஷாக்கால் புதிய ஸ்பிரிங்கை அடக்க முடியவில்லை. 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங்கை அதே ஷாக்கோடு போட்டால், அடக்கும் திறன் விகிதம் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். நல்ல நிலையில் இருக்கும் ஷாக் அதைத் தாங்கிவிடும். ஏற்கெனவே களைத்துப்போன ஷாக் தாங்காது. மூலையை அழுத்தி விடுங்கள். ஏறி வந்து ஒரே மூச்சில் நின்றால் சரி. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் ஈரம் இருந்தால் ஆட்டிப் பார்க்கவே தேவையில்லை, இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் உள்பக்கம் தேய்கிறது

நக்கிள் போல்ட் துளைகளில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும்போது ஹப் அந்த இடைவெளிக்குள் ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் வெளியேயும் சாய்ந்து நின்றுவிடும். கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு, இரண்டு பக்கமும் வேறாகிவிடும், வண்டி இழுக்கும். கழற்றும் முன் மார்க்கரால் கோடு போட்டிருந்தால் அதே இடத்தில் பொருத்தலாம். போடவில்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. வண்டி தாழும்போது லோயர் ஆர்மும், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராடும் வெவ்வேறு வளைவில் நகர்வதால் சக்கரங்கள் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால் டோதான். உள் விளிம்பு மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் கேம்பரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் படிய இரண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டுங்கள், அதன் பிறகு வீல் அலைன்மென்ட். இடையில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். புஷ் போல்ட்டுகளைச் சரிசெய்வது இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், வரிசை மாறினால் காசு வீண். முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முன் கேம்பர் ஒரு டிகிரிக்குப் பக்கமாக உள்சாய்வாக இருப்பதை நான் பொருட்படுத்த மாட்டேன், இடது வலது வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் விட மாட்டேன். பின் பீமில் சரிசெய்ய எதுவும் இல்லை. அங்கே அளவு வெகுவாக மாறியிருந்தால் பீம் முன்பே எங்கோ அடிபட்டிருக்கிறது.

டயர் உரசுகிறது

சக்கர வளைவின் உள் பிளாஸ்டிக்கில் சாக்பீஸ் தடவிவிட்டு நான்கு பேரோடு ஒரு சுற்று போங்கள், அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று விட்டிருக்கும். இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டில் கம்பெனி அளவுகள் 165/80 ஆர்14, 185/65 ஆர்15. இரண்டின் விட்டமும் சுமார் 620 மில்லிமீட்டர்தான். 195/65 போட்டிருந்தால் விட்டம் 634 ஆகிறது. தாழ்த்திய வண்டியில் அந்தக் கூடுதலே உரசப் போதும், ஃபெண்டரைத் தட்டி வளைக்காமல் டயரை மாற்றுங்கள்.

திடீர் பிரேக்கில் பின்சக்கரம் முதலில் பூட்டுகிறது

ஏபிஎஸ் இல்லாத பழைய கார்கள் சிலவற்றில், பாரத்துக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று பின்பக்கம் இருக்கும். ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ அதைப் பின் அச்சோடு இணைத்திருக்கும். அச்சு உடம்புக்கு அருகே வந்தால் “ஆள் ஏறியிருக்கிறார்கள்” என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். தாழ்த்திய வண்டி காலியாக இருந்தாலும் அச்சு அருகில்தான் இருக்கிறது. மழை நாளில் பின்பக்கம் சுழற்றிவிடும். குனிந்து பாருங்கள், அந்த வால்வு இருந்தால் புதிய உயரத்துக்கு அதைச் சரிசெய்ய வேண்டும். பிரேக் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஹெட்லைட் கிட்டத்திலேயே விழுகிறது

முன்பக்கம் பின்பக்கத்தை விட ஒரு சென்டிமீட்டர் அதிகம் தாழ்ந்திருந்தால், இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டின் 2,430 மில்லிமீட்டர் அச்சு இடைவெளிக்கு, 25 மீட்டர் தூரத்தில் ஒளி சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழும். விளக்கின் திருகைத் திருப்பினால் முடிந்தது.

வேகத்தடையில் வயிறு இடிக்கிறது

இது பிழையா, விலையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர், மூன்றாம் தலைமுறையில் 163. 30 தாழ்த்தினால் 140, அல்லது அதற்கும் கீழே. இந்திய சாலை காங்கிரஸின் ஐஆர்சி 99 சொல்லும் வட்ட மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். அதன்மேல் இரண்டு அச்சும் ஏறி நிற்கும்போது நடுவில் மேடு எழும்பி வருவது 43 மில்லிமீட்டர்தான். 140 தாராளமாகத் தாண்டும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு சாண் உயரம் கொட்டி வைத்திருக்கும் மேடுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு வரும். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பாதையில் அப்படி இரண்டு மேடு இருந்தால், குடும்பத்தோடு போகும் வண்டிக்கு இந்த ஸ்பிரிங் வேண்டாம் என்றே சொல்வேன். காலியாகச் சென்றால் தாண்டுகிறது, நான்கு பேர் ஏறினால் இடிக்கிறது என்றால் பின் ஸ்பிரிங்கை மட்டுமாவது பழையதற்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். முன்னும் பின்னும் ஒரு செட்டாகக் கணக்கிட்டுச் செய்தவை அவை, கலந்து போட்டால் வளைவில் வண்டியின் சமநிலை மாறும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள்.

அதற்காகத்தான் பழைய ஸ்பிரிங்குகளை எடைக்குப் போட வேண்டாம் என்கிறேன். முன் இடது, முன் வலது என்று சீட்டுக் கட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988 பிரிவு 52 சொல்கிறது. உங்கள் மாற்றம் அதற்குள் வருமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடிப்பதை விட அது மேல்.

எல்லாம் சரியாகி வண்டி அமைதியாக ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 150, 200 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டு, நக்கிள் போல்ட், லிங்க் ராட், பின் ஷாக்கின் கீழ் போல்ட் எல்லாவற்றிலும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள். இறுக்கிய ஒவ்வொன்றிலும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே போதும், கோடு விலகியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.